லூவ்ர் அரண்மனைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: திருப்பூரிலிருந்து சில பதில்கள்

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணிச் சந்தைக்காகப் பாரிஸ் போகும்போதெல்லாம் எப்படியாவது ஒரு பொழுதை ஒதுக்கி லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவேன். இதுவரை ஏழு தடவை போயாச்சு. ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை, பார்க்கும் உத்தேசமும் இல்லை. இந்தக் கோடை லீவுக்கு நம் பக்கத்திலிருந்து நாலைந்து குடும்பங்கள் கிளம்புவதால், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

ஈரோட்டிலிருந்து: பாரிஸில் அஞ்சு நாள் இருக்கோம்ங்க. லூவ்ருக்கு எந்த நாள் நல்லது? டிக்கெட் அங்கேயே போய் எடுத்துக்கலாமா?

முதலில் காலண்டரில் செவ்வாய்க்கிழமையை அடித்துவிடுங்கள். அன்றைக்கு லூவ்ர் விடுமுறை. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூன்று நாளும் அப்படித்தான். வெர்சாய் அரண்மனைக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஆக, திங்கள் லூவ்ர், செவ்வாய் மற்றவை என்று பிரித்துக்கொண்டால் ஒரு நாளும் வீணாகாது. ஆனால் எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுவார்கள், திங்கட்கிழமை கூட்டம் நெரியும்.

என்னைக் கேட்டால் புதன் அல்லது வெள்ளி சாயங்காலம். மற்ற நாளில் 6 மணிக்கு மூடுகிறவர்கள் இந்த இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் டூர் கூட்டம் கரைந்துவிடும். மூடுவதற்கு அரை மணி முன்பே அறை அறையாகக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில், நேரம் குறித்து, முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 30,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2024-இல் மட்டும் வந்தவர்கள் 87 லட்சம் பேர். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் நமக்கு 32 யூரோ. நம் பணத்தில் ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல். வலிக்கத்தான் செய்யும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், அவர்களுக்கும் நேரம் பதிந்துகொள்ள வேண்டும்.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்று ஆசை காட்டிய ஒரு இணையதளத்தில் நான் ஒருமுறை கிட்டத்தட்ட இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரோடும் சேர்ந்துதான் நின்றேன்.

இன்னொன்று: அங்கே வேலைநிறுத்தம் சகஜம். 2025-இல் ஜூனிலும் டிசம்பரிலும் கதவு திறக்காமல் ஜனங்கள் வெளியே காத்துக் கிடந்தார்கள். அதனால் கடைசி நாளுக்கு லூவ்ரை வைக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: அம்மாவுக்கு அறுபத்தெட்டு. மூட்டு வலி. கூட்டிட்டுப் போகலாமா, ரூமிலேயே விட்டுட்டுப் போறதா?

கூட்டிக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். லிஃப்ட் உண்டு, ஆனால் பழைய கட்டடம் என்பதால் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். ரிஷெல்யூ பகுதியில் மார்லி முற்றம் என்று ஒன்று இருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே மரங்கள், திமிறும் குதிரைகளைப் பிடித்து நிற்கும் ஆட்களின் பெரிய பளிங்குச் சிலைகள். நம் வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தை நூறு மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. அம்மா அங்கே உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் மாடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்கள் பார்த்ததுதான் நிதானமான காட்சியாக இருக்கும்.

கோபியிலிருந்து: அரண்மனைன்னு சொல்றீங்க. மைசூரு அரண்மனை மாதிரி இருக்குமா?

அந்த எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். மைசூரில் தர்பார் மண்டபம், கல்யாண மண்டபம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். லூவ்ரில் அரண்மனையை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ராஜாவே அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். பதினான்காம் லூயி 1682-இல் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் வெர்சாய்க்கு மாறினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1793 ஆகஸ்ட் 10 அன்று, இது பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அரண்மனை பார்க்கத்தான் ஆசை என்றால் இரண்டு இடங்கள். ஒன்று மேலே, ரிஷெல்யூ பகுதி முதல் மாடியில் மூன்றாம் நெப்போலியன் காலத்து அறைகள். சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, தலைக்கு மேல் ராட்சசச் சரவிளக்கு. 1989 வரை அந்தப் பகுதி முழுக்க நிதி அமைச்சகத்தின் வசம் இருந்தது. அந்த விளக்குக்குக் கீழே வரவு செலவு ஃபைல் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்று கீழே, சுல்லி பகுதியின் அடித்தளத்தில். லூவ்ர் பிறந்தது அரண்மனையாக இல்லை, கோட்டையாக. 1190 வாக்கில் பிலிப் அகஸ்டஸ் என்ற ராஜா ஊரைக் காக்கக் கட்டியது. 1528-இல் முதலாம் பிரான்சுவா நடுக் கோபுரத்தை இடித்துத் தள்ளினார், மற்றதெல்லாம் மெல்ல மண்ணுக்கடியில் போயிற்று. வாசலில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடோடு சேர்ந்த விரிவாக்க வேலைக்காக 1980-களில் தோண்டியபோதுதான் மறுபடி வெளியே வந்தது. இப்போது அகழிக்குள்ளேயே நடக்கலாம். கோட்டைச் சுவரின் அடிக்கல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல்தச்சர்கள் அடையாளத்துக்குக் கொத்தி வைத்த குறிகள் தெரியும். ஒரு கல்லில் இதய வடிவம் இருக்கிறது. காதல் சின்னம் என்று படம் பிடிக்கிறார்கள். எனக்கென்னவோ நம் கட்டிங் மாஸ்டர் பண்டலில் சாக்பீஸால் போடும் குறிதான் ஞாபகம் வந்தது: இது என் கை வேலை, கூலி எனக்கு.

சத்தியமங்கலத்திலிருந்து: மோனலிசாவை நேரில் பார்த்தால் ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. நிஜமா?

படம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் தைப்பூசத்துப் பழனிப் படிக்கட்டுக் கூட்டம். அரை நிமிடம் நிற்கலாம், அப்புறம் நகரச் சொல்லிவிடுவார்கள். இவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பார்கள், பார்த்துவிடுங்கள். பார்த்ததும் அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563-இல் முடித்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், அந்த அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம். அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்தி, பாட்டுக் கச்சேரி, ஒயின் ஊற்றுகிற ஆள், சாப்பாட்டு மேஜைக்கு அருகே நாய் என்று நம் கல்யாண மண்டபம் போலவே எல்லாம் உண்டு. அங்கே பத்து நிமிடம் நின்றாலும் யாரும் துரத்த மாட்டார்கள்.

திருப்பூரிலிருந்து, நம் தொழில்காரர்: சந்தை முடிஞ்சு ஃப்ளைட்டுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. பெட்டியோட நேரா போயிடலாமா?

பெட்டியோடு போகாதீர்கள். 55, 35, 20 சென்டிமீட்டர் அளவுக்கு மேல் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். மூன்றாவது தடவை நான் சாம்பிள் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் நின்றேன். "உள்ளே வெறும் டீ-ஷர்ட்" என்று திறந்தும் காட்டினேன். பாதுகாப்பில் நின்ற அம்மா ஒரு டீ-ஷர்ட்டை எடுத்துத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வந்த வழியைக் கையால் காட்டினார். ஹோட்டலுக்குப் போய் வைத்துவிட்டு வருவதற்குள் நான் பதிந்திருந்த நேரம் போய்விட்டது. தப்பு என் மேல்தான்.

சின்னப் பையோடு வந்தால், இரண்டு மணி நேரத்துக்குத் தெனோன் பகுதி ஒன்று போதும். நம் தொழில்காரர் என்பதால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். தாரூ படிக்கட்டின் உச்சியில் தலையும் கையும் இல்லாமல் சிறகு விரித்து நிற்கிறாள் சமோத்ராக்கி வெற்றித் தேவி. ஈஜியன் கடல் தீவு ஒன்றில் 1863-இல் துண்டு துண்டாகக் கிடைத்தவள். சிலை வெள்ளைப் பளிங்கு, அவள் நிற்கும் கப்பல் முகப்பு சாம்பல் நிறக் கல். எல்லோரும் சிறகைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் வயிற்றுப் பக்கத் துணியைப் பாருங்கள். கடல் காற்றில் நனைந்து உடம்போடு ஒட்டின மெல்லிசுத் துணி, தொப்புள் குழிகூடத் தெரிகிறது. நம் கணக்கில் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணிக்கு மேல் போகாது. அதே சிலையில் கால்களுக்கு நடுவே சரிந்து விழும் மேலாடை கனமான துணி, மடிப்பு ஆழமாக விழுகிறது. இரண்டும் ஒரே கல். துணியின் எடை விழும் விதத்தில் தெரியும் என்று சாம்பிள் ரூமில் புதுப் பையன்களுக்கு நாம் வாய் வலிக்கச் சொல்வதை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் உளியால் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோவையிலிருந்து: நம்ம ஊர்ச் சிலை ஏதாவது அங்கே இருக்குங்களா?

லூவ்ரில் கிடையாது. அங்கிருந்த ஆசியப் பொருட்களை 1945-இல் கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சோழர் காலத்து நடராஜர் அங்கேதான் இருக்கிறார். ஒன்பதாம் நம்பர் மெட்ரோவில் இயேனா நிறுத்தம். அதற்கும் செவ்வாய் விடுமுறை.

ஆனால் கோவைக்காரர் லூவ்ரில் ரோமானியச் சிற்ப அறைகளை விடக்கூடாது. நொய்யல் கரை வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேல் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு ரோமானியப் பேரரசர்கள் காலத்தவை. காசில் நகத்தளவு இருந்த அந்த முகங்களை இங்கே ஆளுயரத்துக்குப் பளிங்கில் பார்க்கலாம். நம் மிளகுக்கும் கல்மணிக்கும் காசு அனுப்பிய ஆட்கள், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கரூரிலிருந்து: பையனுக்கு எட்டு வயசு. படம் படமா பார்த்தா அழுதுடுவான்.

சுல்லி பகுதியில் எகிப்துக்குக் கூட்டிப் போங்கள். தானிஸ் ஊர் ஸ்பிங்ஸ், மம்மி, அப்புறம் சப்பணம் போட்டு உட்கார்ந்த எழுத்தர் சிலை. அந்தச் சிலையின் கண்கள் படிகக் கல். நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக விழித்துக்கொண்டே இருக்கிறார். நீ எங்கே நின்றாலும் உன்னைத்தான் பார்க்கிறார் என்று பையனிடம் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஓடிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: சாப்பாடு? நாங்க சுத்த சைவம். புளிசாதம் கட்டிட்டுப் போகலாமா?

காட்சி அறைகளில் சாப்பிடக்கூடாது. வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போகவும் முடியாது. அதனால் சாப்பிட்டுவிட்டே போங்கள். கட்டுச்சோற்றைப் பக்கத்தில் துய்லரி தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரிக்கலாம், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பார்த்து முடித்த பிறகென்றால் ஏழாம் நம்பர் மெட்ரோவில் ஸ்தாலின்கிராத், அங்கே இரண்டாம் நம்பருக்கு மாறி ஒரே நிறுத்தம், லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தமிழ்ப் பலகை, தோசை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம். மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான்.

பெருந்துறையிலிருந்து: நகையெல்லாம் திருடு போச்சே, இன்னும் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கா?

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, சாமான் தூக்கும் ஏணி வண்டியை நிறுத்தி மாடி ஜன்னல் வழியாக ஏறி, சில நிமிடங்களில் பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகள் எட்டோடு திருடர்கள் போய்விட்டார்கள். நம் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்து, சென்னைக் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட் கைக்கு வந்து, 1717-இல் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்கப்பட்ட 140 காரட் ரீஜென்ட் வைரம் தப்பித்தது. பிறகு சில நகைகளைப் பிரான்ஸ் மைய வங்கிப் பெட்டகத்துக்குக் கொண்டுபோனார்கள். நகையை நம்பிப் போகாதீர்கள்.

சென்னிமலையிலிருந்து ஒரு ஐயா: எனக்கு எழுபது. நாப்பது வருஷம் தறி ஓட்டினவன். பேத்தி கூட்டிட்டுப் போறேங்குது. படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் எதைப் பார்க்கட்டும்?

ஐயா, உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒரு படம் இருக்கிறது. பேத்தியிடம் சொல்லுங்கள்: ரிஷெல்யூ பகுதி, இரண்டாம் மாடி, டச்சு ஓவியங்கள், வெர்மீர் வரைந்த லேஸ் பின்னும் பெண். சில பகுதிகளைச் சில நாள் மூடி வைப்பார்கள், முந்தின நாளே இணையதளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் சின்னப் பலகையில் ஊசிகள் குத்தியிருக்கின்றன, விரலில் நூல் சுற்றிய சிறு கட்டைகள். பக்கத்து மெத்தையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக நூல் வழிகிறது, அதை நூலாகவே வரையவில்லை, சாயம் சிந்தின மாதிரி கலங்கலாக விட்டிருக்கிறார். அவள் இரண்டு கைக்கும் நடுவில் இழுத்துப் பிடித்திருக்கும் இழை மட்டும் முடி போல அவ்வளவு துல்லியம். அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடும்போது சுற்றி இருப்பதெல்லாம் மங்கி அந்த ஒரு இழை மட்டும் கண்ணில் நிற்குமே, அதேதான்.

கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். படம் மொத்தமே ஒரு சாண் உயரம்தான்.