ஜான் ஃபோர்டு, செர்ஜியோ லியோனி தவிர, பழைய கௌபாய் படங்களில் வேறு எந்த இயக்குநரைப் பார்க்க வேண்டும்?

பட் பெட்டிக்கர். நம் ஊரில் கௌபாய் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவர்கள்கூட இவர் பெயரை அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

1916இல் சிகாகோவில் பிறந்தவர். இண்டியானா மாநிலத்தில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த வசதியான குடும்பம் அவரைத் தத்தெடுத்து வளர்த்தது. இளம் வயதிலேயே மெக்சிகோ போய்க் காளைச் சண்டை கற்றுக்கொண்டார். ஹாலிவுட்டில் கதவு திறந்ததும் அதனால்தான். 1941இல் வந்த 'பிளட் அண்ட் சாண்ட்' படத்தில் காளைச் சண்டைக்கு ஆலோசகராக வேலை கிடைத்தது. பத்து வருடம் கழித்து, தன் அனுபவத்தையே கதையாக்கி 'புல்ஃபைட்டர் அண்ட் தி லேடி' எடுத்தார். தயாரிப்பாளர் ஜான் வெய்ன். 124 நிமிடம் ஓடிய படத்தை 87 நிமிடமாக வெட்டிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, ஜான் ஃபோர்டுதான்! அப்படியும் கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது 1956 முதல் 1960 வரை ராண்டால்ஃப் ஸ்காட்டைக் கதாநாயகனாக வைத்து எடுத்த படங்களுக்காக. மொத்தம் ஏழு. அதில் பர்ட் கென்னடி திரைக்கதை எழுதிய நான்கும் முத்துக்கள்: 'செவன் மென் ஃப்ரம் நவ்', 'தி டால் டி', 'ரைட் லோன்சம்', 'கமாஞ்சி ஸ்டேஷன்'. எல்லாமே ஒன்றேகால் மணி நேரப் படங்கள். பட்ஜெட் சின்னது. கலிபோர்னியாவில் லோன் பைன் பக்கத்திலுள்ள அதே பாறைக் குன்றுகள்தான் திரும்பத் திரும்ப வரும். கதாநாயகனுக்கும் பெரும்பாலும் ஒரே நிலைமைதான்: மனைவியைப் பறிகொடுத்தவன், அதிகம் பேசாதவன், தேடிக்கொண்டே போகிறவன்.

'செவன் மென் ஃப்ரம் நவ்' தொடங்கும் விதத்தைப் பாருங்கள். இரவு, கொட்டும் மழை. பாறைக்கு அடியில் இரண்டு பேர் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டிலிருந்து ஸ்காட் வருகிறார். காபி கொடுக்கிறார்கள். பேச்சு ஒரு ஊரில் நடந்த கொலையைத் தொடுகிறது. செய்தவர்கள் பிடிபட்டார்களா என்று ஒருவன் கேட்க, "இரண்டு பேர்" என்கிறார் ஸ்காட். அடுத்த நொடி துப்பாக்கிச் சத்தம். நமக்குக் காட்டுவதோ வெளியே மழையில் நிற்கும் குதிரைகளை! யார் சுட்டது, யார் விழுந்தது, எதுவும் திரையில் இல்லை. ஆனால் எல்லாம் புரிந்துவிடுகிறது. காசு குறைவாக இருந்த ஒருவர் செய்த வேலை இது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

வில்லன்கள் இன்னும் விசேஷம். லீ மார்வின், ரிச்சர்ட் பூன், பெர்னெல் ராபர்ட்ஸ் மூவருக்கும் கதாநாயகனைவிட நல்ல வசனங்கள் கிடைத்திருக்கின்றன. 'தி டால் டி'யில் பூன் ஏற்ற கொள்ளைக்காரன், கூட இருக்கும் பையன்களோடு பேசப் பிடிக்காமல், தான் பிணையாகப் பிடித்துவைத்த ஸ்காட்டிடம் போய் மனசைத் திறக்கிறான். அவனுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மாடுகள் என்று ஆசை. அவன் சாகக்கூடாதே என்று நமக்குத் தவிப்பு வந்துவிடும். கௌபாய் படத்தில் அப்படித் தவித்தது எனக்கு இவர் படங்களில்தான் அதிகம்.

இப்படி உச்சத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெக்சிகோ கிளம்பினார். தன் நண்பரான காளைச் சண்டை வீரர் கார்லோஸ் அரூசாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க. அந்த வருடங்களில் மணவாழ்க்கை முறிந்தது, காசு கரைந்தது, சிறையும் மனநல விடுதியும் பார்த்தார், நோயில் சாகப் பிழைக்கக் கிடந்தார். 1966இல் அரூசாவே கார் விபத்தில் இறந்துபோனார். அப்படியும் விடாமல் முடித்தார். படம் 1972இல்தான் வெளிவந்தது. நல்ல வாய்ப்புகள் எத்தனையோ கைவிட்டுப் போயின. பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் உண்டு, எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2001இல் காலமானார்.

முதலில் 'செவன் மென் ஃப்ரம் நவ்', அடுத்து 'ரைட் லோன்சம்' பாருங்கள். 'ரைட் லோன்சம்' அகலத்திரைப் படம், கைபேசியில் பார்க்க வேண்டாம். 'புல்ஃபைட்டர் அண்ட் தி லேடி' கிடைத்தால், மீட்டெடுக்கப்பட்ட 124 நிமிடப் பிரதிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.