பூட்டுப் போட்ட கோப்பும் புதிதாய் நிறுவிய விண்டோஸும்

கல்லடியில் கணினி திருத்துகிறேன். விண்டோஸை மீள நிறுவியபின் கோப்பு திறக்கவில்லை என்று வருபவர்களின் கேள்விகளுக்கு இன்று பதில்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: தம்பி, விண்டோஸை மீண்டும் போட்டபின் டி பகுதியிலுள்ள வினாத்தாள்கள் எல்லாவற்றிலும் சின்னப் பூட்டுப் படம். திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. பழைய பெயரும் கடவுச்சொல்லும்தான் கொடுத்திருக்கிறேன்.

ரீச்சர், அது ஈ.எப்.எஸ், அதாவது கோப்புகளைத் தனித்தனியே பூட்டும் விண்டோஸின் குறியாக்கம். கோப்பைத் திறப்பது உங்கள் கடவுச்சொல் அல்ல. சி பகுதியில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் இருந்த சாவி. கடவுச்சொல் அந்தச் சாவியைக் காக்கும் உறை மட்டும். அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் விண்டோஸ் அதற்குப் புதிய அடையாள எண் கொடுக்கும். அதன் கண்ணில் நீங்கள் வேறு ஆள்.

ஏறாவூர்: நானா, கடையில் கோப்புகளின் உரிமையை என் பெயருக்கு மாற்றித் தந்தார்கள். அப்படியும் திறக்கவில்லையே?

வீட்டு உறுதியை உங்கள் பெயருக்கு எழுதினால் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிடுமா? அதற்குக் காசு வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

மீண்டும் ஆசிரியை: அப்படியென்றால் வழியே இல்லையா?

இருக்கலாம். முதலில் அந்தக் கணினியை நிறுத்துங்கள். புதிதாக எதையும் பதிய வேண்டாம். சி பகுதியை அழிக்காமல் நிறுவியிருந்தால் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறை இருக்கும். வழக்கமாக 10 நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும், ஆகவே இன்றே பிரதி எடுங்கள். அதற்குள் உங்கள் பழைய பயனர் கோப்புறையில், மறைந்திருக்கும் ‘அப்டேட்டா’வின் கீழ், ‘கிரிப்டோ’, ‘புரொடெக்ட்’ என்ற இரண்டு கோப்புறைகள் வேண்டும். ஒன்றில் சாவி, மற்றதில் அந்தச் சாவியைத் திறக்கும் சாவி. இரண்டும் கிடைத்து, பழைய கடவுச்சொல்லும் நினைவிருந்தால் மீட்பு மென்பொருளால் திறக்க முடியும். அழித்து நிறுவியிருந்தால், பழைய வகை வன்தட்டில் தேடிப் பார்க்கலாம். எஸ்.எஸ்.டி எனும் சுழலாத புதிய வகை வட்டு என்றால் பொய் நம்பிக்கை தரமாட்டேன்.

அக்கரைப்பற்று: என் மடிக்கணினி நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. இதுவும் அதேதானா?

இல்லை, இது பிட்லொக்கர். முழு வட்டையும் பூட்டுவது. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போய் மீட்புச் சாவியைத் தேடுங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகள் ஒத்திருக்க வேண்டும். அங்கு இல்லையென்றால், கணினி வாங்கிய அன்று கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்தாரா என்று விசாரியுங்கள். நான் பார்த்த இரண்டு கணினிகளின் சாவி அப்படித்தான் கடைக்காரரிடம் இருந்தது.

வந்தாறுமூலை மாணவர்: அண்ணன், விண்டோஸை மாற்றவில்லை. கடவுச்சொல்லை மறந்ததால் நிர்வாகி கணக்கிலிருந்து மாற்றினேன். ஈ.எப்.எஸ் கோப்புகள் மூடிக்கொண்டன.

பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தால் அதையே திரும்ப வையுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். நீங்களே உள்நுழைந்து மாற்றியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது.

கல்முனை: இனி நிறுவுமுன் என்ன செய்ய வேண்டும்?

பயனர் கணக்குகள் பக்கத்தில் கோப்புக் குறியாக்கச் சான்றிதழ்களை நிர்வகிக்கும் இணைப்பு உண்டு. அதில் சாவியைப் பீ.எப்.எக்ஸ் கோப்பாக எடுத்து, கடவுச்சொல் போட்டு, பென்ட்ரைவில் வையுங்கள். பிறகு அதை வேறொரு கணினியில் செருகி, கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரதியை டெஸ்க்டொப்பிலேயே வைத்துவிட்டு சி பகுதியை அழித்தவர் ஒருவர் போன வாரம்தான் வந்து போனார்.