சேமித்த பிளாக்கில் மாற்றிய முகவரி மடலில் மாறவில்லையே, ஏன்?

சென்னிமலையில் கைத்தறிப் படுக்கை விரிப்புகளை இணையம் வழியே விற்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 2023இல் ஒரு வடிவமைப்பாளர் அவருக்குப் பதினான்கு மின்னஞ்சல் டெம்ப்ளேட்டுகள், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மடல் மாதிரிகள், செய்து கொடுத்தார். கடை முகவரி, தொலைபேசி எண், பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான விதி ஆகியவை அடங்கிய ஒரே ஃபுட்டர் எல்லாவற்றின் அடியிலும் இருக்கிறது. அதைச் சேமித்த பிளாக்காக, அதாவது ஒரு முறை செய்து சேமித்துவிட்டு மடல்களுக்குள் இழுத்து வைக்கும் துண்டாக, வைத்திருப்பதாகவும், ஓரிடத்தில் மாற்றினால் போதும் என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. சென்ற மாதம் கடையை வேறு தெருவுக்கு மாற்றியபோது அந்த பிளாக்கைத் திறந்து முகவரியைத் திருத்தினார். அதன் பிறகு புதிதாகச் செய்த மடலில் புதிய முகவரி வந்தது. புதிய வாடிக்கையாளருக்குத் தானாகப் போகும் வரவேற்பு மடலிலும், ஆர்டருக்குப் பின் போகும் மடலிலும் பழைய முகவரியே நிற்கிறது. அதைப் பார்த்து ஒருவர் திருப்பி அனுப்பிய பார்சல் பூட்டிக் கிடக்கும் பழைய கடைக்குப் போய்விட்டது. வடிவமைப்பாளரோ அதைத் திருத்தித் தர மடலுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கிறார். "எல்லா பிளாக்குகளையும் இணைத்துவிட்டால் தீரும் என்கிறார்கள். ஆனால் தீபாவளித் தள்ளுபடியை ஒரு மடலில் மாற்றப்போய் எல்லா மடல்களிலும் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி.

உங்கள் மேல் தவறு இல்லை. 'சேமித்த பிளாக்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று நகல். சேமித்ததை ஒரு மடலுக்குள் இழுத்து வைக்கும் கணத்திலேயே அதன் பிரதி ஒன்று அந்த மடலுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதற்குப் பின் மூலத்தில் எதை மாற்றினாலும் அந்தப் பிரதியை அது எட்டாது. மற்றொன்று இணைந்த பிளாக். அங்கே மடலுக்குள் மூலத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே இருப்பதால், மூலம் மாறினால் அதைச் சுட்டும் மடல்கள் அனைத்தும் மாறும். நெசவுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு ஜக்கார்டு அட்டையை, அதாவது துணியில் விழ வேண்டிய பூவைத் தறிக்குச் சொல்லும் துளையிட்ட அட்டையை, வைத்துச் சொல்வது எளிது. நகல் என்பது ஒவ்வொரு தறிக்கும் தனித்தனியாக அட்டை அடித்து ஏற்றியதைப் போன்றது. மூலப் படத்தில் பூவை மாற்றினாலும் தறியில் ஏறிய அட்டை மாறாது. தறி தறியாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். இணைந்த பிளாக்கில் எல்லாத் தறிகளும் ஒரே அட்டையைப் பார்த்து நெய்கின்றன. இரண்டிலுமே நெய்து இறக்கிய துணி, அதாவது அனுப்பி முடித்த மடலின் எழுத்து, மாறப்போவதில்லை.

இந்த வேறுபாட்டைக் கருவிகளைச் செய்பவர்கள் திரையில் தெளிவாகக் காட்டியிருந்தால் உங்கள் பார்சல் தவறான இடத்துக்குப் போயிருக்காது. மடல் கருவிகளில், இணைந்த பிளாக்கை கிளேவியோ 'யுனிவர்சல் கன்டென்ட்' என்கிறது. பீஃப்ரீ 'சிங்க்டு ரோ' என்கிறது. ஸ்ட்ரிப்போ 'சிங்க்ரனைஸ்டு மாட்யூல்' என்கிறது. ஒரே வேலையைச் செய்யும் பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். 'சேவ்' என்று மட்டும் எழுதிய பட்டனை அழுத்துபவர், தாம் சேமிப்பது நகலா மூலமா என்று எப்படி அறிவார்? பல ஆண்டுகளாக இதே குழப்பத்துடன் வருகிற சிறு வணிகர்களைப் பார்க்கிறேன். ஒரு வரி விளக்கம் எழுத இத்தனை நிறுவனங்களுக்கும் மனம் வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே பெயரை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். வெற்று டெம்ப்ளேட்டுகள் இரண்டைத் திறந்து இரண்டிலும் உங்கள் ஃபுட்டரை இழுத்து வைத்துச் சேமியுங்கள். பிறகு சேமித்த பிளாக்குகள் இருக்கும் பகுதிக்குப் போய், மூலத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, அந்த இரண்டு டெம்ப்ளேட்டுகளையும் மீண்டும் திறந்து பாருங்கள். சொல் இரண்டிலும் மாறியிருந்தால் அது இணைந்த பிளாக். மாறவில்லை என்றால் நகல். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உங்கள் தீபாவளி அச்சம். எதை இணைப்பது, எதை நகலாக விடுவது என்பதைத் தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: இந்தச் செய்தி மாறினால் இன்றைக்கே எல்லா மடல்களிலும் மாற வேண்டுமா? முகவரி, தொலைபேசி எண், திருப்பி அனுப்பும் விதி, அஞ்சல் கட்டணம், ஜி.எஸ்.டி. பற்றிய வாசகம் ஆகியவற்றுக்கு ஆம் என்பதுதான் பதில். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாறியதை நினைத்துப் பாருங்கள். அதுவரை 1,000 ரூபாய்க்கு மேல் விற்கும் விரிப்புக்கு 12 சதவீதமாக இருந்த வரி, அன்று முதல் 2,500 ரூபாய் வரையிலான விரிப்புக்கு 5 சதவீதமாகவும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமாகவும் ஆனது. '12 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட' என்ற வாசகத்தை நகலாகப் பதினான்கு டெம்ப்ளேட்டுகளில் வைத்திருந்தவர், பண்டிகை விற்பனைக்குச் சற்று முன்பு பதினான்கையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. இணைந்த பிளாக்கில் வைத்திருந்தவருக்கு ஒரே திருத்தம். தள்ளுபடி, பண்டிகை வாழ்த்து, பேனர், அந்த வாரத்துப் புதிய வரவு ஆகியவற்றை ஒருபோதும் இணைக்காதீர்கள். அவை ஒரு மடலோடு பிறந்து அந்த மடலோடு முடிய வேண்டியவை.

இணைந்த பிளாக் ஒன்றை ஒரே ஒரு மடலில் மட்டும் சற்று மாற்ற வேண்டியிருந்தால், முதலில் அந்த மடலில் இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு திருத்துங்கள். துண்டித்ததும் அது சாதாரண நகலாகிவிடும். துண்டிக்காமல் திருத்தினால், இந்த மாற்றம் மற்ற மடல்களையும் பாதிக்கும் என்று கருவி ஒரு சிறு எச்சரிக்கையைக் காட்டும். அவசரத்தில் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துபவர்கள்தான் அதிகம்.

இனி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய விதிவிலக்குக்கு வருகிறேன். உங்கள் தொல்லைக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். மடலை வடிவமைக்கும் கருவியும் மடலை அனுப்பும் சேவையும் உங்களிடம் ஒன்றா, இரண்டா? இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு கடவுச்சொல் என்றால், வடிவமைத்த டெம்ப்ளேட் ஹெச்.டி.எம்.எல். ஆக, அதாவது மடலின் குறியீட்டு எழுத்தாக, ஏற்றுமதி செய்யப்பட்டு அனுப்பும் சேவைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படி ஏற்றுமதி செய்த நொடியிலேயே எல்லா இணைப்புகளும் அறுந்துவிடுகின்றன. வடிவமைக்கும் கருவிக்குள் உங்கள் ஃபுட்டர் முறையாக இணைந்திருக்கலாம். அங்கே திறந்து பார்த்தால் பதினான்கு டெம்ப்ளேட்டுகளிலும் புதிய முகவரி அழகாகத் தெரியலாம். ஆயினும் வாடிக்கையாளருக்கு உண்மையில் போவது அனுப்பும் சேவைக்குள் 2023இல் ஏற்றிய பழைய பிரதி. தானாகப் போகும் மடல்களை ஒரு முறை அமைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் யாரும் திறப்பதில்லை என்பதால், இந்தப் பிழை அவற்றில்தான் நெடுநாள் ஒளிந்திருக்கும். மீண்டும் ஏற்றுமதி செய்து, பழையதன் இடத்தில் வைத்து, அந்தத் தானியங்கி மடல் புதிய பிரதியைத்தான் எடுக்கிறதா என்று உறுதி செய்வது ஒன்றே வழி. அனுப்பும் சேவைக்கு உள்ளேயே இருக்கும் வடிவமைப்புப் பகுதியைப் பயன்படுத்துபவருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. நான் சிறு கடைகளுக்கு எப்போதும் பரிந்துரைப்பது அந்த முறையைத்தான். அழகு சற்றுக் குறைந்தாலும் முகவரி சரியாகப் போகும்.

இங்கேதான் இடைத்தரகர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வடிவமைக்கும் கருவியின் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா, வடிவமைப்பாளரின் பெயரில் இருக்கிறதா? பலர் தங்கள் சொந்தக் கணக்கில் இருபது கடைகளுக்கான டெம்ப்ளேட்டுகளையும் வைத்துக்கொண்டு, ஏற்றுமதி செய்த பிரதியை மட்டும் கடைக்காரரிடம் கொடுக்கிறார்கள். மூலம் அவர்களிடம் இருப்பதால் ஒரு தொலைபேசி எண்ணை மாற்றவும் அவர்களிடமே போக வேண்டும். ஒரே இணைந்த பிளாக்கில் ஒரு முறை செய்யும் திருத்தத்துக்கு 'மடலுக்கு இவ்வளவு' என்று பதினான்கு கட்டணம் கேட்பது நேர்மையான தொழில் ஆகாது. நகல்களாகவே செய்து வைத்திருந்தால் உழைப்பு உண்டு, கூலி கேட்கலாம்; ஆனால் அப்படியானால் ஓரிடத்தில் மாற்றினால் போதும் என்று உங்களிடம் சொன்னது பொய்யாகிறது. இரண்டில் எது என்று அவரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

லோகோவும் படங்களும் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். மடலில் தெரியும் படம் பெரும்பாலும் மடலுக்குள் இருப்பதில்லை. ஏதோ ஒரு சர்வரிலிருந்து வருகிறது. அந்த சர்வர் வடிவமைப்பாளருடையது என்றால், அவர் சந்தாவைப் புதுப்பிக்காத நாளில் உங்கள் ஃபுட்டரில் லோகோவுக்குப் பதில் வெற்றுக் கட்டம் தெரியும். என்னிடம் உதவி கேட்டு வந்த துணி வணிகர் ஒருவருக்குப் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் இதுதான் நடந்தது. வாடிக்கையாளர்கள் அதைப் போலி மடல் என்று எண்ணி ஸ்பாமில் தள்ளிவிட்டார்கள். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து படங்களைத் தேடிச் சேர்த்ததை நான் மறக்கவில்லை. டெம்ப்ளேட்டோடு சேர்த்து 'ஆர்வமுள்ள வாடிக்கையாளர் பட்டியல்' தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அன்றே உறவை முடித்துக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு மடல் அனுப்பினால் ஸ்பாம் புகார்கள் பெருகி, உங்கள் பெயரில் போகும் நல்ல மடல்களும் சேராமல் போகும்.

ஃபுட்டரில் வைக்கும் விலகல் இணைப்பைப் பற்றி, அதாவது இனி மடல் வேண்டாம் என்பவர் அழுத்தும் இணைப்பைப் பற்றி, ஒரு சொல். 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்பது விதி. அந்த வசதி மடலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் அனுப்பும் சேவை சேர்ப்பது. அதற்காகத் தனி பிளாக் விற்க வருபவரை நம்ப வேண்டாம். உங்கள் விரிப்புகள் அமெரிக்காவுக்கும் போகின்றன என்றால், அந்நாட்டின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டப்படி ஒவ்வொரு விளம்பர மடலிலும் செல்லுபடியாகும் அஞ்சல் முகவரி இருந்தாக வேண்டும். பூட்டிய கடையின் முகவரி அதற்கு உதவாது.

பிளாக்குகளை அடுக்கிக்கொண்டே போவதிலும் ஒரு கேடு உண்டு. ஜிமெயில் ஏறக்குறைய 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஹெச்.டி.எம்.எல். உள்ள மடலைப் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்கத் தனி இணைப்பு காட்டும்; படங்களின் எடை இந்தக் கணக்கில் சேராது. கைப்பேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று ஒரே பேனரை இரண்டு பிளாக்குகளாக வைத்து ஒன்றை மறைக்கும் வழக்கம் இருக்கிறதே, அங்கே மறைந்திருக்கும் பிளாக்கின் எடையும் சேர்ந்துகொள்கிறது. வெட்டு விழுவது எப்போதும் அடிப்பகுதியில் என்பதால், நீங்கள் பாடுபட்டுத் திருத்திய முகவரியும் விலகல் இணைப்பும்தான் முதலில் காணாமல் போகும்.

உங்கள் நிலையில் இந்த வாரமே செய்யக்கூடியது இது. முதலில் தானாகப் போகும் அந்த இரண்டு மடல்களையும் அனுப்பும் சேவைக்குள்ளேயே திறந்து முகவரியை நேரடியாகத் திருத்துங்கள். இதற்கு வடிவமைப்பாளரும் வேண்டாம், பிளாக்கும் வேண்டாம். ஹெச்.டி.எம்.எல். ஆக இருந்தால் பழைய தெருவின் பெயரைத் தேடி அந்த எழுத்துகளை மட்டும் மாற்றுங்கள், அதைச் சுற்றியுள்ள குறிகளைத் தொடாதீர்கள். பிறகு உங்களுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி ஜிமெயிலில் பாருங்கள். அவுட்லுக் வைத்திருக்கும் ஒருவரிடமும் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் ஓடும் வழக்கமான அவுட்லுக் 2007 முதல் வேர்டின் முறையிலேயே மடலைக் காட்டுவதால் பட்டன்களும் இடைவெளிகளும் அங்கே குலைவதுண்டு. அதன் பிறகு ஃபுட்டரை உங்கள் பெயரிலுள்ள கணக்கில், இணைந்த பிளாக்காக, புதிதாக ஒரு முறை செய்து சேமியுங்கள். மேலே சொன்ன சோதனையில் அது தேறினால், பதினான்கு டெம்ப்ளேட்டுகளிலும் பழைய ஃபுட்டரை நீக்கிவிட்டு இதை வையுங்கள். உண்மையில் பயன்படுத்துவது அவற்றில் ஐந்தோ ஆறோதான் என்றால் மற்றவற்றை அழித்துவிடுங்கள். வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியது படங்களின் மூலக் கோப்புகளை மட்டுமே. அவற்றுக்கு நீங்கள் 2023இலேயே பணம் கொடுத்துவிட்டீர்கள்.