‘நல்லாருக்கு’ என்பதற்கு அப்புறம் என்ன சொல்வது?

கேள்வி: என் நாத்தனார் மகனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வருடம் அவன் அப்பா பழைய கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் படம் எடுக்கக் கிளம்பிவிடுவான். கல்யாணத்துக்கு முன் நான் ஒரு ஸ்டுடியோவில் 6 வருடம் ஆல்பம் டிசைன் செய்தவள். அதனால் எடுத்ததையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவான். "அத்தை, எப்படி இருக்கு?" என்பான். நானும் "சூப்பர்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் முன்பு, போட்டிக்கு அனுப்பப் போவதாக மூன்று படங்களைக் காட்டினான். என் மாமியார் பூக்கட்டும் படம் பரவாயில்லை, முகம் பளிச்சென்று வந்திருந்தது. மற்ற இரண்டும் ஒரே வண்ணக் கூத்து. "எடிட்டிங் ரொம்ப ஓவர்டா, கலர் கண்ணைக் குத்துது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கி லேப்டாப்பை மூடினவன்தான், அதற்குப் பிறகு எதையும் காட்டுவதில்லை. "அண்ணி, அவன் இப்போ கேமராவையே தொடறதில்லை" என்று நாத்தனாரும் ஒரு மாதிரியாகச் சொன்னாள். நான் சொன்னது தப்பா? இனி எப்படிப் பேசுவது? அவன் எனக்கு அனுப்பியிருந்த அந்த மூன்று படங்களையும், எடிட் செய்யாத அசலோடு சேர்த்து இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்ய முடியும்? ஓவர் என்றால் எந்த இடத்தில், எவ்வளவு? வருடம் முழுக்க "சூப்பர்", திடீரென்று ஒரு நாள் "ஓவர்". சூப்பர் எதனால் என்று அவனுக்குத் தெரியாது, ஓவர் எதனால் என்றும் தெரியாது. லேப்டாப்பை மூடாமல் வேறென்ன செய்வான்?

மூன்று படங்களையும் பெரிய திரையில், அசலையும் எடிட் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பையனுக்குக் கண் இருக்கிறது. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. திருவையாற்றுப் படித்துறைப் படத்தில் ஒரு பெரியவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி விடுகிறார் இல்லையா? தண்ணீர் விரல்களை விட்டு இன்னும் முழுதாகப் பிரியவில்லை, அந்த நொடியில் அழுத்தியிருக்கிறான். அரை நொடி முந்தியிருந்தால் வெறும் கை, பிந்தியிருந்தால் வெறும் ஆறு. இதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள். "சூப்பர்" என்பதைவிட இது அவனுக்கு உதவும், ஏனென்றால் அடுத்த தடவையும் அவன் அந்த நொடிக்காகக் காத்திருப்பான்.

சரி, இனி அந்தப் படத்தின் கலர். வானம் முழுக்க ஆரஞ்சு. தென்னை ஓலைகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு. வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். உங்கள் கண்ணைக் குத்தியது இதுதான். ஆனால் அந்தக் கோப்பில் படம் எடுத்த நேரம் பதிவாகியிருக்கிறது, திறந்து பாருங்கள்: காலை 7.48. வெயில் வெள்ளையாகிவிட்ட நேரம். அசலில் வானம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அவன் மனசில் ஒரு விடியற்காலை இருந்திருக்கிறது, கேமராவில் அது விழவில்லை. விழாததை, நிறத்தின் அடர்த்தியை ஏற்றும் சாச்சுரேஷன் ஸ்லைடரை இழுத்து வரவழைக்கப் பார்த்திருக்கிறான்.

எடிட்டிங் மிதமிஞ்சிப் போன படங்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். எடுக்கும்போது கைதவறிய ஏதோ ஒன்றை வீட்டுக்கு வந்து ஈடுகட்டும் முயற்சி. அதனால்தான் "கலரைக் குறை" என்று சொல்வதில் பயனில்லை. குறைத்தால் அவனுக்கு மிஞ்சுவது அந்த வெளுத்த வானம்தான், அது பிடிக்காமல்தானே ஏற்றினான்? அதற்குப் பதிலாக, "அங்கே போனப்போ என்னடா பார்த்தே, எதைக் காட்டணும்னு நினைச்சே?" என்று கேளுங்கள். விடிகிற நேரத்து வெளிச்சம் என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன். அப்படியானால் வழி கம்ப்யூட்டரில் இல்லை. சூரியன் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் படித்துறையில் போய் நிற்க வேண்டும். மார்கழி, தையில் உங்கள் பக்கம் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.30 ஆகிவிடும், கும்பகோணத்திலிருந்து முதல் பஸ் பிடித்தாலே போதும்.

அந்தப் பட்டைக் கோடுகளுக்குக் காரணம் வேறு. அவன் ஜேபெக்கில், அதாவது கேமரா சுருக்கித் தரும் கோப்பாக எடுத்திருக்கிறான். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். வானம் மாதிரி மெதுவாக நிறம் மாறும் இடத்தில் ஸ்லைடரைப் பிடித்து இழுத்தால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அதே கேமராவை ‘ரா’வில், அதாவது பதிவானதை அப்படியே வைத்திருக்கும் கோப்பு வகையில் வைத்து எடுத்தால், 12 பிட் கேமராவுக்கு 4,096 படிநிலைகள், 14 பிட் என்றால் 16,384. இழுத்தாலும் தாங்கும். இதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். குறை சொன்ன மாதிரியே இருக்காது, ஒரு வித்தை கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும். தென்னை ஓலையின் வெள்ளை விளிம்பு, ஓரங்களைத் துலக்கிக் காட்டும் கிளாரிட்டியை எல்லை மீறி ஏற்றியதால் வந்தது. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினால் அவனே பார்த்துவிடுவான்.

அடுத்தது உங்கள் மாமியார் படம். நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, மூன்றில் மிக நல்ல படமும் இதுதான், எடிட்டிங்கில் மிகவும் கெட்டுப்போன படமும் இதுதான். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்து முகத்தில் பாதியில் நிற்கிறது. வாழைநாரை இழுத்துப் பிடித்த விரல்களில் அவ்வளவு உயிர். ஆனால் முகத்தைத் தேய்த்து மெழுகாக்கிவிட்டான். கைக்கு 80 வயது, முகத்துக்கு 40. பார்க்கிறவருக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

இங்கே உங்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகத்தை வழவழப்பாக்குவது ஸ்டுடியோ பழக்கம். நெகட்டிவ் மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்த காலத்திலிருந்தே அது இருக்கிறது. 6 வருடம் கல்யாண ஆல்பம் செய்த உங்கள் கண்ணுக்கு பளிச்சென்ற முகம்தான் நல்ல முகம். கல்யாணப் பெண்ணுக்கு அது சரிதான், அவள் அதற்காகத்தான் பணம் கொடுக்கிறாள். பூக்கட்டும் கிழவிக்கு? யாருடைய படத்தைப் பற்றிப் பேசும்போதும், நம் ருசி எங்கே நுழைகிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது வேறு, ‘நீ நினைத்தது படத்தில் வரவில்லை’ என்பது வேறு. அவனுக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். முதலாவதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், இது என் ருசி என்று சொல்லிவிட்டே சொல்லுங்கள்.

இதே படத்தில் இன்னொன்று. பாட்டியின் தலைக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. வெள்ளைத் தாள், படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான். கண் பெரும்பாலும் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். "பின்னணி சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "என் கண் முதல்ல காலண்டருக்குப் போச்சுடா, தேதியைப் படிச்சுட்டு அப்புறம்தான் பாட்டிகிட்ட வந்துச்சு" என்று சொல்லுங்கள். உங்கள் கண் எங்கே போனது என்று நீங்கள் சொல்வதை யாரும் மறுத்துப் பேச முடியாது. அவனும் உடனே திரும்பிப் பார்ப்பான், பார்த்ததும் புரிந்துவிடும். எடுக்கும்போது ஓர் எட்டு வலப்பக்கம் நகர்ந்திருந்தால் காலண்டர் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். இப்போது செய்யக்கூடியது, அந்த இடத்தை மட்டும் இருட்டாக்குவது. அதற்குத்தான் எடிட்டிங் இருக்கிறது.

நான் படம் எடுக்க ஆரம்பித்த புதிதில், சிரிக்கிற ஒரு குழந்தையின் படத்தை ஒரு பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தை எதைப் பார்த்துச் சிரிக்குது?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. குழந்தை பார்த்தது ஓர் ஆட்டுக்குட்டியை. அதை நான் படத்தின் ஓரத்துக்கு வெளியே வெட்டிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து நாலு ஓரத்தையும் பார்க்காமல் ஷட்டரை அழுத்தியதில்லை. என்னைப் பற்றியோ என் திறமையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது, தஞ்சைப் பெரிய கோயில். விமானத்துக்குப் பக்கத்தில் அண்டா அளவுக்கு ஒரு முழுநிலா. ஒட்டிய நிலா என்று பார்த்த உடனே தெரிகிறது, ஏனென்றால் அதே வானத்தில் சூரியன் மறைந்த சிவப்பு இன்னும் இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில்தான் நிலா கிழக்கே ஏறும். இரண்டும் ஒரே பக்கத்தில் எப்படி இருக்கும்?

வீட்டில் யாராவது "எடிட் பண்ணினாலே ஏமாத்துதான்" என்று அவனிடம் சொல்லியிருந்தால், அதை நீங்களே மறுத்துவிடுங்கள். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரின் மேல் நிலா எழுவதைப் படம் பிடித்தார். அதே நெகட்டிவிலிருந்து பல வருடங்கள் பிரதி போட்டுக்கொண்டே இருந்தார். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இருட்டறையில் அவர் கையால் இருட்டாக்கிய வானம் அது. ஆனால் நிலா அன்றைக்கு அங்கே இருந்தது. மாறாக, நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்தின் கீசா பிரமிடுகளைக் கணினியில் ஒன்றுக்கொன்று நெருக்கிவைத்தது. அகலவாக்கில் எடுத்த படம் நெட்டு அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக. அது பெரிய சர்ச்சையாகிவிட்டது. இந்த இரண்டையும் அவனிடம் சொல்லுங்கள், கோடு எங்கே என்று அவனே யோசிக்கட்டும். அனுப்பப் போகிற போட்டியின் விதிகளையும் படிக்கச் சொல்லுங்கள். பல போட்டிகளில் இல்லாததைச் சேர்த்தால் படம் வெளியேதான், சிலர் அசல் கோப்பையும் கேட்பார்கள்.

ஆனால் "நிலா ஒட்டினது தப்பு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவனுடைய ஆசை நல்ல ஆசை, பெரிய நிலாவை விமானத்தோடு பார்க்க வேண்டும் என்பது. அது நிஜமாகவே நடக்கிற காரியம். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான், எங்கிருந்து பார்த்தாலும் அதே அளவு. விமானமோ நாம் தள்ளிப் போகப் போகச் சின்னதாகும். சுமார் 200 அடி உயர விமானத்தில் கால்பங்கு அளவுக்கு நிலா தெரிய வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பௌர்ணமி மாலை, கோயிலுக்கு மேற்கே, கிழக்கு பார்த்து. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 300 எம்.எம். லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டால் போதும். நிலா எழும் திசை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் நகரும், அதைக் காட்டும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. நடுவில் மரமும் வீடுகளும் மறைக்காத மொட்டை மாடி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. 19 வயசுக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

இன்னொரு சின்ன விஷயம். அவன் ராத்திரியில் எடிட் செய்கிறானா என்று கேளுங்கள். கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், அதில் பார்த்துச் சரிசெய்த நிறம் காலையில் வேறாகத் தெரியும். தவிர, இருபது நிமிடம் ஒரே படத்தை முறைத்துப் பார்த்தால் கண் எந்தக் கலருக்கும் பழகிவிடும். முடித்ததை மறுநாள் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கூடத்தில், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். போன முறை வலித்ததில் பாதி அதனால்தான். தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு அவசரப்பட்டு சொல்லிட்டேன்டா, படத்தை சரியாப் பார்க்கவே இல்ல, இப்போ பார்த்தேன்" என்று அந்தத் தண்ணீர் அள்ளும் கையிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் மூத்தவர், நீங்கள் முதலில் இறங்கி வந்தால் அவனுக்குக் கூச்சம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் மறுபடி லேப்டாப் மூடும். இனிமேல் அவன் எதையாவது காட்டினால், சும்மா ரசிக்கவா, போட்டிக்கு அனுப்புகிற மாதிரி அலசவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் அவனுக்கு ரசிகர்தான் தேவைப்படும். அப்புறம், மவுஸ் அவன் கையிலேயே இருக்கட்டும். உங்களுக்குத் தொழில் தெரியும், இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று கை பரபரக்கும். தொடாதீர்கள். நீங்கள் செய்துகொடுத்தால் அது உங்கள் படமாகிவிடும்.

முதலில் எந்தப் படம் என்றால், நான் மாமியார் படத்தைச் சொல்வேன். காலண்டரை மட்டும் இருட்டாக்கி, முகத்தைத் தொடாமல் ஒரு பிரதி அவன் செய்யட்டும். அதையும் பழைய மெழுகு முகத்தையும் 8-க்கு 12 அளவில் அச்செடுத்து, உங்கள் மாமியாரிடமே கொடுத்து எது பிடித்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் மெழுகு முகத்தையே காட்டினாலும் காட்டுவார். சரி, அது வீட்டுச் சுவருக்கு. போட்டிக்கு மற்றது போகட்டும்.