டெங்கு ஏன் கொழும்பில் ஒரு மாதம், யாழ்ப்பாணத்தில் வேறு மாதம்?

இலங்கை சின்னத் தீவுதானே, டெங்கு ஏன் இடத்துக்கு இடம் வேறு காலத்தில் கூடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதல் காரணம் மழை. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும். ஜூன், ஜூலையில் கொழும்பிலும் கம்பஹாவிலும் நோயாளர் கூடுவார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அதனால் அங்கே டிசம்பர், ஜனவரியில் உச்சம்.

சரி, மழை எல்லா இடமும் பெய்கிறதே, சில இடங்களில் மட்டும் டெங்கு ஏன் கூடுகிறது? டெங்கு நுளம்பு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும். வைரஸைத் தூர ஊருக்குக் கொண்டுபோவது பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் நாம்தான். நெருக்கமான வீடுகளும் கூரைப் பீலி, டயர், சிரட்டையில் தேங்கிய தண்ணீரும் இருந்தால் அங்கே அது நிலைத்துவிடும். 2017இல் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதிகம் கொழும்பும் கம்பஹாவும் உள்ள மேல் மாகாணத்தில்தான். டிசம்பரில் ஊருக்கு வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். இந்த நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்; அவரைக் கடித்தால் வைரஸ் மற்றவர்களுக்கும் பரவும்.