ஜெட் கிட் வாங்குறதுக்கு முன்னாடி ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க

கேள்வி: கோயம்புத்தூர்ல ஜம்முனு ஓடின 250 சிசி ஏடிவி (மேடு பள்ளத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி), ஊட்டி பக்கம் தோட்டத்துக்கு ஏத்தினதும் கரும்புகை, இழுவையே இல்ல. ஆன்லைன்ல 4,600 ரூபாய்க்கு அட்ஜஸ்டபிள் ஜெட் கிட் வாங்கி, அதுல இருந்த பெரிய மெயின் ஜெட்டை நானே போட்டேன். முன்னைவிட மோசம். டூப்ளிகேட் கிட்டா?

பதில்: கிட்டைக் குத்தம் சொல்லாதீங்க சார், நீங்க போட்டதுதான் தப்பு. ஜெட்டுங்கிறது கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவா பாயுற ஓட்டை இருக்குற சின்னத் திருகு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கடல் மட்டத்துல கிடைக்கிற காத்துல அஞ்சுல ஒரு பங்கு அங்க இல்ல, ஆனா காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்பரேட்டருக்கு அது எப்படித் தெரியும், அது பாட்டுக்கு அதே பெட்ரோலைத்தான் விடும், அதான் புகை. ஏற்கனவே ஜாஸ்தியா போற பெட்ரோலுக்கு நீங்க இன்னும் பெரிய ஓட்டை வச்சிருக்கீங்க. ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க, கரி அப்பியிருக்கும். காபித்தூள் கலர்ல இருந்தா சரி, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். இந்த ஒரு வேலையை முதல்ல பண்ணியிருந்தா 4,600 ரூபாயும் மிச்சம், ஒரு சின்ன ஜெட்டு நூறு இருநூறுல முடிஞ்சிருக்கும்.

சரி, வாங்கியாச்சு. பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டர் அடிக் கப்புல நிக்கிற பெட்ரோலை வடிச்சுட்டு, கிட்ல இருக்குற சின்ன ஜெட்டைப் போடுங்க. ஜெட்டு பித்தளை, கைக்குக் கிடைச்ச ஸ்க்ரூடிரைவரை வச்சுத் திருகினா வாய் மழுங்கிடும், அப்புறம் லேத்துக்குத்தான் தூக்கணும். கட்டைவிரல் ஆக்சிலேட்டரை முக்காவாசிக்கு மேல அமுக்கினாதான் மெயின் ஜெட்டுக்கே வேலை. கால்வாசி வரைக்கும் பைலட் ஜெட்னு இன்னொரு குட்டி ஜெட், நடுவுல ஜெட் ஓட்டைக்குள்ள ஏறி இறங்குற ஊசி. கம்பெனி ஊசி நிறைய வண்டில ஒரே மட்டத்துலதான் நிக்கும், கிட் ஊசில காடி காடியா வெட்டியிருக்கும், கிளிப்பை ஒரு காடி மேல மாட்டினா ஊசி கீழ இறங்கும், பெட்ரோல் குறையும். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க, மூணையும் சேத்து மாத்திட்டு எது கெடுத்ததுன்னு எனக்கு எழுதாதீங்க. திரும்ப கீழ கொண்டு வந்தா பழைய ஜெட்டைப் போட்டே ஆகணும், இல்லன்னா சூடு ஏறி பிஸ்டன் பிடிச்சுக்கும்.

கேள்வி: என் பைக் பிஎஸ் 6, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். எந்த ஜெட் கிட் பெஸ்ட்?

பதில்: இன்ஜெக்‌ஷன் வண்டில ஜெட்டே கிடையாது தம்பி.

கேள்வி: கிட் டப்பால "30 சதவீதம் மைலேஜ் கூடும்"னு போட்டிருக்கு. நம்பலாமா?

பதில்: டப்பால என்ன வேணா போடலாம். பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்கிற வண்டியைச் சரி பண்ணினா விட்டுப்போன மைலேஜ் திரும்பி வரும், அவ்ளோதான்.

கேள்வி: அப்பாவோட ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு மதுரைல ஒரு கடையில "ஒரிஜினல்"னு 900 ரூபாய்க்கு ஜெட் செட் வாங்கினேன். நம்பர் ஒண்ணு அடிச்சிருக்கு, ஓட்டை வேற சைஸ்னு மெக்கானிக் சொல்றார். கடைக்காரர் பில்லுல அச்சடிச்ச "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" வரியைக் காட்டி விரட்டிட்டார்.

பதில்: உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. எனக்கு ரத்தம் கொதிக்கிறதே அந்த வரியைப் பாத்தாத்தான். 2018-ல என் ஆர்எக்ஸுக்கு சென்னை ஜிபி ரோட்டுல ஒரு கடையில "ஜப்பான் சரக்கு சார்"னு சொன்னதைக் கேட்டு 2,200 ரூபாய்க்கு ஒரு கார்பரேட்டர் வாங்கினேன், பில் கேட்டா ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்னான், நானும் பெரிய புத்திசாலியாட்டம் சரின்னுட்டேன். மாட்டி ஓட்டினா, ஆக்சிலேட்டர் தூக்கி இறக்குற ஸ்லைடு பாதில சிக்கிக்கிச்சு, ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி கத்திக்கிட்டே போகுது, தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஒரு அடி முன்னாடி சாவியைத் திருப்பி நிறுத்தினேன். கழட்டிப் பாத்தா உள்ள ஓரமெல்லாம் பிசிறு, பித்தளைத் தூளு. திரும்பப் போனா "எங்க கடையில வாங்கினதா?"ன்னான். பில் இல்ல, என்னத்த பேசறது.

உங்ககிட்ட பில் இருக்கு, அதை விடாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்றதே முறையற்ற வணிகம்னு இருக்கு, பில்லுல நாள் கெடு எதுவும் போடலைன்னா 30 நாள். பில் தராம விக்கிறதையும் அதே இடத்துலதான் சொல்லியிருக்கு. கடைக்காரன் அச்சடிச்ச ஒரு வரி சட்டத்தை மாத்திடாது. ஆனா "பிடிக்கல, வேணாம்"னா இது செல்லாது, குறை இருக்கணும், மெக்கானிக்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிக்குங்க. நம்பரும் ஓட்டையும் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. ஒண்ணு கவனிங்க, சில கம்பெனி நம்பர் ஓட்டை அளவு, சில கம்பெனி நம்பர் பெட்ரோல் பாயுற அளவு, அதனால பழைய ஜெட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியோடதான் ஒப்பிடணும், இல்லன்னா கடைக்காரன் அதை வச்சே உங்களைக் குழப்புவான். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணமே கிடையாது. 900 ரூபாய்க்காக யார் அலைவான்னுதான் அவன் கணக்கு, நீங்க அலையுங்க.

கேள்வி: கொடைக்கானல்ல ஆறு ஏடிவி, ஆள் வச்சு வாடகைக்கு விடுறேன். கிட் எல்லாம் வேஸ்ட். நானும் நுகர்வோர் ஆணையம் போகலாமா?

பதில்: கஷ்டம். தொழிலுக்கு வாங்கினா நீங்க நுகர்வோர் இல்ல. சொந்தமா ஓட்டி அதுலயே வயித்தைக் கழுவுறவருக்குத்தான் விதிவிலக்கு. வக்கீலைப் பாருங்க.

கேள்வி: ஜெட் அடைச்சிருக்கு. கம்பி விட்டுக் குத்தினா போதுமா, புது கிட் வாங்கணுமா?

பதில்: ரெண்டும் வேணாம். கம்பி விட்டா ஓட்டை பெருசாகும். கார்பரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு காத்து புடிங்க.

கேள்வி: புது ஜெட் சரியில்ல, பழையதைத் தூக்கிப் போட்டுட்டேன், நம்பரும் ஞாபகமில்ல. எது வாங்க?

பதில்: வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல நம்பர் இருக்கும். அதுக்கு முன்னாடி குப்பைக்காரர் வர்றதுக்குள்ள வாளியைக் கிளறிப் பாருங்க.