வளரிளம் பருவத்தினரைக் கவனிக்கும் செவிலியர் எதில் தொடங்க வேண்டும்?

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை, உயரம், தடுப்பூசி, தூக்கம் (13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரம்) எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பெற்றோர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பிள்ளை வாயே திறக்காது. கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசுங்கள். "நீ சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும்" என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். வீடு, படிப்பு என்று தொடங்கி, மெல்ல புகை, மது, பாலுறவு, மனநிலை என்று போகலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் நாமே அதை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வீண்.

ஒரு பெண் 'எப்போதும் அசதி' என்றால் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். மாதவிடாய் எத்தனை நாள், ரத்தப்போக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைபாடு பலமுறை அங்கேதான் பிடிபடும்.